பேசும் கைகள் வளர்த்த பிள்ளைகள்



வானொலியில் பேசுகிறவன் தன் குரலைக் கேட்கப் போகிறவர்களை மனத்தில் எண்ணிக்கொண்டு பேசுவது வழக்கம். இன்று நான் எடுத்துக்கொண்ட பொருளோ, இந்தப் பெட்டியின் குரலை என்றுமே கேட்க இயலாத சிலரையும், அவர்களுடைய வீட்டில் பிறந்து இப்போது இதைக் கேட்டுக்கொண்டிருக்கக்கூடிய பிள்ளைகளையும் பற்றியது. காது கேளாத தாய் தந்தையருக்குப் பிறந்து, தாம் மட்டும் கேட்கும் செவியோடு வளரும் பிள்ளைகள் நம் ஊர்களில் இருக்கிறார்கள். அவர்கள் எவ்வாறு வளர்கிறார்கள்? தங்கள் வாழ்க்கைப் பாதையை எவ்வாறு கண்டடைகிறார்கள்? அவர்களுக்கு நாம் செய்யத்தக்கது யாது? இவற்றைச் சிறிது ஆராய்வோம்.

2011ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கின்படி, நம் நாட்டில் செவித்திறன் குறைபாடு உள்ளோர் 50 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள். இவர்களுள் பலர் மணம் செய்துகொண்டு குடும்பம் நடத்துகின்றனர். தம்மைப் போன்றவரையே துணையாகத் தேர்ந்துகொள்வோரும் பலர். இத்தகைய பெற்றோருக்குப் பிறக்கும் பிள்ளைகளும் காது கேளாதவர்களாகவே இருப்பார்கள் என்று பொதுமக்கள் எண்ணுகின்றனர். இது உண்மையன்று. அமெரிக்க நாட்டில் செய்யப்பட்ட ஆய்வுகள், இத்தகைய பிள்ளைகளுள் பத்தில் ஒன்பது பேர் நல்ல செவியுடன் பிறப்பதாகக் காட்டுகின்றன. அவ்வாறே, காது கேளாத குழந்தைகளுள் பத்தில் ஒன்பதுக்கு மேல் கேட்கும் பெற்றோருக்கே பிறக்கின்றன. ஆகவே ஒலியுள்ள வீட்டில் கேளாத குழந்தையும், ஒலியில்லாத வீட்டில் கேட்கும் குழந்தையும் பிறப்பது விந்தையன்று, இயல்பு.

இன்னொன்றையும் தொடக்கத்திலேயே கூறிவிடுகிறேன். இம்மக்களைக் குறிக்க நம் ஊர்ப் பேச்சில் வழங்கிவந்த சில சொற்களை நீங்கள் அறிவீர்கள். அச்சொற்கள் வசைச்சொற்களாகவும் பயன்பட்டமையால், அவற்றைக் கேட்கும் பிள்ளையின் நெஞ்சு புண்படும். பெற்றோரின் காதில் அவை விழுவதில்லை. பிள்ளையின் காதிலோ ஒவ்வொன்றும் தவறாமல் விழுகிறது. வீட்டார் எல்லோருக்கும் உரிய வசவை வீட்டில் ஒருவன் மட்டுமே கேட்டுச் சுமக்கிறான். இவ்வொரு செய்தியை நினைவில் நிறுத்தினால், தெருவில் நம் நாவை அடக்கப் பழகிவிடுவோம்.

மழலையின் இனிமையைத் திருவள்ளுவர் மக்கட்பேறு என்னும் அதிகாரத்தில் போற்றியிருப்பதை நீங்கள் படித்திருக்கிறீர்கள். அப்படியானால் காது கேளாத தாய்க்கு அந்த இன்பம் இல்லையா? அறிவியலார் இதற்கு ஓர் அரிய விடை கண்டிருக்கின்றனர். காது கேளாத பெற்றோரின் சைகை மொழியைக் கண்டு வளரும் கைக்குழந்தைகள், கேட்கும் செவி பெற்றிருந்தாலும், தங்கள் சின்னஞ்சிறு கைகளால் ஒருவகைத் தாளத்தோடு அசைவுகள் செய்கின்றன. அவை மற்றக் குழந்தைகளின் வெறும் கையசைவிலிருந்து வேறுபட்டவை. 2001ஆம் ஆண்டில் நேச்சர் என்ற அறிவியல் இதழில் இவ்வாராய்ச்சி வெளிவந்தது. வாயால் மழலை பேசுவதுபோல அக்குழந்தை கையாலும் மழலை பேசுகிறது. தாய் அதைக் கண்ணால் கேட்கிறாள்.

ஆதலால், சைகை என்பது வாய்பேச இயலாதவர் ஏதோ ஒப்புக்குச் செய்யும் கையாட்டம் என்று எண்ணிவிடலாகாது. கையின் வடிவம், அது நிற்கும் இடம், அசையும் திசை, முகத்தின் குறிப்பு ஆகியவை சேர்ந்து சொல்லாகின்றன. சொற்கள் ஒழுங்குபட்டுத் தொடராகின்றன. முகக் குறிப்பின் ஆற்றல் தமிழருக்குப் புதிதன்று. தொல்காப்பியர் மெய்ப்பாட்டுக்கெனத் தனி இயல் வகுத்தார். வள்ளுவரும் குறிப்பறிதல் என்னும் ஒரே தலைப்பில், பொருட்பாலில் ஒன்றும் இன்பத்துப்பாலில் ஒன்றுமாக இரண்டு அதிகாரங்கள் இயற்றினார். அக்கலையைத் தாயின் மடியிலேயே பயில்பவர்கள் இப்பிள்ளைகள்.

இனி, பேச்சு மொழியை அவர்கள் எங்கே கற்கிறார்கள் என்று கேட்கலாம். பாட்டியிடம், அத்தையிடம், எதிர்வீட்டாரிடம், தெருவில் விளையாடும் தோழரிடம் கற்கிறார்கள். குழந்தை தானும் கலந்து பேசினால்தான் மொழி வளரும்; தொலைக்காட்சிப் பெட்டியை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தால் வளராது. நெருக்கமாக வீடுகள் அமைந்த விருதுநகர்த் தெருக்களிலும், திண்ணையில் கூடியிருந்து தீப்பெட்டிக் கட்டு ஒட்டும் சிவகாசி வட்டாரத்துச் சிற்றூர்களிலும் பேச்சுக்குப் பஞ்சமில்லை. ஆகவே இவ்வீட்டுப் பிள்ளைகள் இரு மொழி உடையவர்களாய் வளர்கின்றனர். கை மொழி ஒன்று; வாய் மொழி ஒன்று.

இவ்விரு மொழித் திறமே பின்னர் அவர்களுடைய சுமையாகவும் ஆகிறது. ஏழெட்டு வயதை எட்டியதும், வீட்டுக்கும் உலகத்துக்கும் இடையே நிற்கும் பொறுப்பு பிள்ளையின் தோளில் ஏறுகிறது. மளிகைக் கடை அண்ணாச்சி சொல்லும் கணக்கைத் தாய்க்குச் சொல்ல வேண்டும். நியாயவிலைக் கடையில் இந்த மாதம் பருப்பு வரவில்லை என்றால் அதைத் தெரிவிக்க வேண்டும். வீட்டுக்காரர் வாடகை கேட்டுக் கடுஞ்சொல் கூறினால், அதை அப்படியே தந்தையிடம் சொல்வதா, தணித்துச் சொல்வதா என்று அக்கணமே முடிவு செய்ய வேண்டும். தூது என்னும் அதிகாரத்தில் வள்ளுவர் தூதுவனுக்கு வேண்டிய பண்புகளை வகுத்துரைத்தார். அவை அரசவையில் முதிர்ந்த அமைச்சர்க்குரியவை. அவற்றை ஒரு பத்து வயதுச் சிறுவன் கடைத்தெருவில் கடைப்பிடிக்க வேண்டியிருக்கிறது.

சிவகாசியைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 1920களின் தொடக்கத்தில் ஐய நாடார், சண்முக நாடார் ஆகிய இருவர் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்றுவந்து இங்கே நிலைநாட்டினர். தீப்பெட்டியைத் தொடர்ந்து வெடித் தொழிலும் அச்சுத் தொழிலும் வளர்ந்தன. இன்று தீபாவளி நாளில் நாடெங்கும் கேட்கும் வெடியோசையில் பெரும்பகுதி இந்த மண்ணில் பிறப்பதே. வெடித் தொழிலில் ஆபத்து நேரும்போது, 'ஓடுங்கள்!' என்னும் கூச்சல் உயிர் காக்கும் ஒலியாகும். அதைக் கேட்க இயலாதவர்க்கு அத்தொழில் பிறரினும் மிகுந்த அபாயமுடையது. அச்சகத்து இரைச்சலோ அவர்களுக்கு ஒரு தடையன்று.

சுமார் இருபது ஆண்டுகளுக்கு முன், நான் தலைமையாசிரியனாயிருந்த பள்ளியில் ஒன்பதாம் வகுப்பில் ஒரு மாணவன் பயின்றான். அவன் தந்தை ஓர் அச்சகத்தில் இயந்திரத்தருகே நின்று தாள் கொடுக்கும் வேலை செய்தார். தாய் வீட்டிலிருந்தே தீப்பெட்டி ஒட்டினார். இருவரும் பிறவியிலேயே காது கேளாதவர்கள். பள்ளி சென்று எழுத்தறியும் வாய்ப்பையும் பெறாதவர்கள். அவனுக்கு ஒரு தங்கை இருந்தாள். பையன் நன்றாகப் படிப்பவன். ஆனால் அவ்வாண்டு அடிக்கடி விடுப்பெடுத்தான். வந்த நாட்களிலும் பாடத்தில் கருத்தின்றிச் சன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

ஒருநாள் மாலை அவனைத் தனியே அழைத்துக் கேட்டேன். நெடுநேரம் பேசாமலிருந்தவன், பின்னர் அழுதுகொண்டே கூறினான். அவன் தாயை ஒரு மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றிருக்கிறான். தாயின் கருப்பையில் கட்டி இருக்கிறதென்றும், அறுவைச் சிகிச்சை செய்து கருப்பையை எடுத்துவிட வேண்டுமென்றும், காலம் தாழ்த்தினால் உயிருக்கே தீங்கு என்றும் மருத்துவர் அவனிடம் சொல்லி, தாய்க்கு விளக்கும்படி பணித்திருக்கிறார். பதினான்கு வயது மகன் இதைத் தன் தாயிடம் எவ்வாறு சொல்வான்? அவனுக்கு அதற்குரிய சைகை தெரியாது. தெரிந்திருந்தாலும் கை எழுந்திராது. 'வயிற்று வலிதான், மாத்திரை சாப்பிட்டால் போய்விடும்' என்று கையால் கூறிவிட்டான். அன்றிலிருந்து பத்து நாட்களாக அந்தப் பொய்யையும் அந்த மெய்யையும் ஒன்றாகச் சுமந்துகொண்டு பள்ளிக்கு வந்திருக்கிறான்.

காது கேளாதோர் பள்ளி ஒன்றில் பணியாற்றி ஓய்வு பெற்ற அம்மையார் ஒருவரை நான் அறிவேன். அவரிடம் செய்தியைச் சொன்னேன். மறுநாளே வந்தார். தாயுடன் மருத்துவமனைக்குச் சென்றார். மருத்துவர் கூறியவற்றைச் சைகையில் முழுமையாக விளக்கினார். தாய் அழவில்லை, பதறவுமில்லை. மாறாக, ஒன்றன்பின் ஒன்றாகக் கேள்விகள் கேட்கத் தொடங்கினார். அறுவைக்குப் பின் எத்தனை நாள் வேலை செய்யக்கூடாது? தையல் பிரியுமா? மனைவியாக வாழ்வதில் இடையூறு உண்டா? மகளுக்கும் இந்நோய் வருமா? ஏழெட்டுக் கேள்விகள் கேட்டதாக அம்மையார் என்னிடம் கூறினார். சிகிச்சை நன்கு முடிந்தது, அவர் நலமடைந்தார்.

மாணவர்களே, இந்நிகழ்ச்சியில் கவனிக்கத்தக்கது ஒன்று உண்டு. அக்கேள்விகளுள் ஒன்றையாவது ஒரு தாய் தன் மகன் வழியாகக் கேட்டிருப்பாளா? மகன் சொல்லத் தயங்கியதால் மட்டும் அங்கே செய்தி தடைப்படவில்லை. அவன் நடுவில் நின்றவரையில் தாயும் வாய் திறக்க இயலாதவளாகவே இருந்தாள். பிள்ளையை மொழிபெயர்ப்பாளனாக்கினால் பிள்ளையின் இளமை பறிபோகிறது. பெற்றோரின் பெருமையும் குறைகிறது. இரு தரப்புக்கும் இழப்புண்டாகிறது. அன்று முதல் எங்கள் பள்ளியில் ஒரு வழக்கம் ஏற்படுத்தினோம். எந்தப் பிள்ளையின் பெற்றோரிடம் பேசுவதாயினும், அப்பிள்ளையையே நடுவில் நிறுத்துவதில்லை. தன் மதிப்பெண் குறைந்த செய்தியைத் தானே தந்தைக்கு மொழிபெயர்த்துச் சொல்லும் நிலை எந்த மாணவனுக்கும் வேண்டாம் அன்றோ?

இவ்வாறு கூறுவதால், இவ்வீடுகள் துன்பமே நிறைந்தவை என்று நினைத்துவிடாதீர்கள். அவ்வீடுகளில் சிரிப்பு உண்டு, சண்டை உண்டு, கதை உண்டு, கண்டிப்பு உண்டு. பேசும்போது ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தே ஆகவேண்டும். முகத்தைத் திருப்பிக்கொண்டு பேசும் பழக்கம் அங்கே இல்லை. கூர்ந்து நோக்குவதும், பிறர் மனம் அறிவதும், பொறுப்புணர்வும் அப்பிள்ளைகளுக்கு இளமையிலேயே கைவருகின்றன. இப்பயிற்சியைக் கொண்டு அவர்கள் எந்தப் பாதையில் செல்கிறார்கள் என்பதே நம் அடுத்த கேள்வி. உலக வரலாற்றில் இதற்கு இரண்டு பெரிய சான்றுகள் உள்ளன.

முதலாமவர் எட்வர்ட் மைனர் கல்லாடெட். அவர் தாய் சோஃபியா ஃபவுலர் பிறவியிலேயே காது கேளாதவர். பத்தொன்பது வயதுவரை கல்வி வாய்ப்பற்றிருந்த சோஃபியா, 1817இல் அமெரிக்காவில் ஹார்ட்ஃபோர்டு நகரில் காது கேளாதோர்க்கென ஒரு பள்ளி தொடங்கப்பெற்றபோது அதன் முதல் மாணவர்களுள் ஒருவராகச் சேர்ந்தார். அப்பள்ளியை நிறுவியவர்களுள் ஒருவரான தாமஸ் ஹாப்கின்ஸ் கல்லாடெட் என்பவரையே 1821இல் மணந்தார். அவர்களுடைய எட்டு மக்களுள் கடைசிப் பிள்ளை எட்வர்ட். அவருக்குப் பதினான்கு வயதாகும்போது தந்தை மறைந்தார். எட்வர்ட் ஒரு வங்கியில் எழுத்தராகச் சிறிது காலம் பணிபுரிந்தார். வாழ்நாள் முழுதும் வங்கியிலேயே இருந்திருக்கலாம். ஆனால் மனம் அதில் நிற்கவில்லை. 1857இல், இருபதாம் வயதில், வாஷிங்டன் நகரில் புதிதாகத் தோன்றிய காது கேளாதோர் பள்ளியின் பொறுப்பை ஏற்றார். விதவைத் தாயையும் உடன் அழைத்துச் சென்றார். தாய் அப்பள்ளியின் விடுதிக் காப்பாளராகப் பணியாற்றினார். 1864இல் அங்கே கல்லூரி வகுப்புக்கும் பட்டம் வழங்கவும் சட்டம் இயற்றப்பட்டது. அதில் கையொப்பமிட்டவர் ஆபிரகாம் லிங்கன். அக்கல்லூரியே இன்று கல்லாடெட் பல்கலைக்கழகமாக வளர்ந்து நிற்கிறது.

இரண்டாமவரின் பெயரை நீங்கள் எல்லோரும் அறிவீர்கள். தொலைபேசியைக் கண்டுபிடித்த அலெக்சாண்டர் கிரகாம் பெல். 1847இல் ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகரில் பிறந்தார். அவர் தாய் எலைசா கேட்கும் திறன் மிகவும் குன்றியவர். ஆயினும் காதில் குழல் பொருத்திக்கொண்டு பியானோ வாசித்தவர். பிறர் அக்குழலில் உரக்கக் கத்துவார்கள். மகனோ தாயின் நெற்றியருகே வாயை வைத்துத் தாழ்ந்த குரலில் பேசினால் அதிர்வினால் தாய் உணர்வதைக் கண்டுகொண்டார். கைவிரல்களால் எழுத்துக் கூட்டும் முறையைக் கற்று, கூட்டத்தில் மற்றவர் பேசுவதைத் தாய்க்கு உடனுக்குடன் தெரிவித்தார். ஒலி என்பது அதிர்வு, அதிர்வை வேறு வழியாகவும் அனுப்பலாம் என்னும் சிந்தனை இத்தகைய வீட்டில் வளர்ந்தவர்க்குத் தோன்றியதில் வியப்பில்லை. 1871இல் பாஸ்டன் நகரில் காது கேளாத குழந்தைகளுக்கு ஆசிரியரானார். 1876 மார்ச் 7ஆம் நாள் தொலைபேசிக்கு உரிமம் பெற்றார். அடுத்த ஆண்டில் அவர் மணந்த மேபல் அம்மையாரும் ஐந்து வயதில் காய்ச்சலால் செவித்திறனை இழந்தவரே.

இவ்விருவரும் காது கேளாத தாய்மாரின் புதல்வர்கள். இருவரும் காது கேளாதோர் கல்விக்குத் தம் வாழ்வை அளித்தவர்கள். ஆயினும் இருவரும் எதிரெதிர்ப் பாதையில் சென்றனர். காது கேளாதோர் உதட்டசைவைப் படித்துப் பேசக் கற்க வேண்டும், சைகையை விட்டுவிட வேண்டும் என்றார் பெல். 1883இல் அவர் அளித்த ஓர் ஆய்வுரையில், காது கேளாதவர் தமக்குள்ளேயே மணம் செய்துகொள்வதால் அத்தகைய மக்களினமே தோன்றிவிடுமென அஞ்சினார். எட்வர்டோ, பேச்சும் கற்பிக்கலாம், ஆனால் சைகையை விலக்கலாகாது என்றார். 1880இல் இத்தாலியின் மிலான் நகரில் கூடிய ஆசிரியர் மாநாடு சைகையை வகுப்பறையிலிருந்து நீக்கத் தீர்மானித்தபோது, அங்கே சென்று எதிர்த்த அமெரிக்கர்களுள் எட்வர்டும் ஒருவர். மாநாட்டில் அவர் தோற்றார். அதன் பின் பல நாடுகளின் பள்ளிகளில் பல்லாண்டுகள் சைகை செய்த கைகள் தண்டிக்கப்பட்டன. ஆனால் 1960இல், எட்வர்ட் வளர்த்த அதே கல்லூரியின் பேராசிரியர் வில்லியம் ஸ்டோக்கோ, அமெரிக்கச் சைகை மொழி இலக்கண அமைப்புடைய முழுமையான மொழியே என்று நிறுவினார். 2010இல் கனடாவின் வான்கூவர் நகரில் கூடிய மாநாடு, மிலான் தீர்மானங்களை ஏற்க மறுத்து அவற்றுக்காக வருத்தமும் தெரிவித்தது.

இதிலிருந்து நாம் அறிவது யாது? பெல் தம் தாயிடம் அன்பில்லாதவர் அல்லர். அவருடைய உழைப்பும் பெரிதே. ஆனால் அவர் தாய் வாய்ப்பேச்சுடன் வாழ்ந்தவர். அவ்வொரு வீட்டின் அனுபவத்தை எல்லா வீட்டுக்கும் பொதுவாக்கினார். எட்வர்டின் தாயோ சைகையையே தாய்மொழிபோலக் கொண்டவர். ஒரே வகைப் பிறப்புச் சூழல் இருவரையும் ஒரே இடத்துக்குக் கொண்டுசெல்லவில்லை என்பதைக் காண்கிறோம். பிறந்த வீடு நமக்குச் சில கருவிகளைத் தருகிறது. அவற்றைக் கொண்டு எதைச் செய்வதென்பதை வீடு முடிவு செய்வதில்லை.

கல்வித் துறைக்கு வெளியிலும் சான்றுகள் உண்டு. பேசாப் படக் காலத்தின் புகழ்பெற்ற நடிகர் லான் சேனி, 1883இல் காது கேளாத பெற்றோருக்குப் பிறந்தவர். தாய் நோயுற்றுப் படுக்கையில் கிடக்க, சிறுவன் படிப்பை விட்டுவிட்டுப் பணிவிடை செய்தான். வெளியுலகச் செய்திகளை முகத்தாலும் உடலாலும் நடித்துக் காட்டினான். அந்தப் பயிற்சியே பின்னர் உலகெங்கும் உள்ளவர் கண்டு உருகிய நடிப்பாயிற்று. லூயிஸ் பிளெட்சர் என்னும் நடிகையின் பெற்றோர் இருவரும் காது கேளாதவர்கள். அவர் பேச்சைத் தம் அத்தையிடம் கற்றார். 1976இல் ஆஸ்கர் விருதைப் பெற்றபோது, மேடையிலிருந்தபடியே கைகளால் தம் தாய் தந்தையருக்கு நன்றி கூறினார்.

நம் நாட்டுத் திரைப்படங்களும் இப்பொருளைத் தொட்டிருக்கின்றன. 1972இல் குல்சார் இயக்கிய கோஷிஷ் என்னும் இந்திப் படம் காது கேளாத கணவன் மனைவியின் வாழ்வைச் சித்திரித்தது. அது 1977இல் உயர்ந்தவர்கள் என்னும் பெயரில் தமிழிலும் வந்தது. 1996இல் வெளிவந்த காமோஷி, காது கேளாத பெற்றோரின் மகள் பாடகியாக விரும்புவதைக் கூறியது. 2022இல் ஆஸ்கர் பரிசு பெற்ற கோடா என்னும் ஆங்கிலப் படத்தின் கதையும் ஏறத்தாழ அதுவே. இப்படங்களில் எழும் கேள்வி கடினமானது. பெற்றோரால் ஒருபோதும் கேட்க முடியாத இசையை மகள் தன் வாழ்வாகக் கொள்ளலாமா? தன் குரலை நம்பியிருக்கும் வீட்டை விட்டு வெளியூர் செல்லலாமா?

இதே கேள்வி என் மாணவன் முன்னும் நின்றது. பன்னிரண்டாம் வகுப்பில் நல்ல மதிப்பெண் பெற்றான். ஊரார் இரு வகையாகப் பேசினர். தந்தை வேலை செய்யும் அச்சகத்திலேயே சேர்ந்துகொண்டு வீட்டைக் கவனி என்றனர் சிலர். சிறப்பாசிரியர் பயிற்சிக்குப் போ, நீ அதற்கென்றே பிறந்தவன் என்றனர் வேறு சிலர். அவனுக்கோ அச்சுத் தொழில்நுட்பம் பயில வேண்டுமென்று ஆசை. அதற்கு வெளியூரில் விடுதியில் தங்க வேண்டும். தான் போய்விட்டால் வீட்டுக் கதவை யாராவது தட்டினாலும் திறக்க ஆளிருக்காதே என்று கலங்கினான். கடைசியில் தன் கலக்கத்தைத் தந்தையிடமே கைகளால் சொன்னான். தந்தை கூறிய மறுமொழியைத் தங்கை பின்னர் எனக்கு மொழிபெயர்த்துச் சொன்னாள்: 'உன் காதுக்காக உன்னைப் பெறவில்லை. நீ பிறப்பதற்கு முன்னும் நாங்கள் வாழ்ந்துகொண்டுதான் இருந்தோம்.'

எத்துணை நேரிய சொல்! பெற்றோரைத் தாங்குவதாக எண்ணிய பிள்ளைக்கு, தாங்கள் தாங்கப்படவே காத்திருப்பவர்கள் அல்லர் என்று அந்தத் தந்தை உணர்த்தினார். மகன் சென்றான், படித்தான், இன்று அச்சுத் துறையில் நல்ல நிலையில் இருக்கிறான். கைப்பேசியில் முகம் பார்த்துப் பேசும் வசதி வந்த பிறகு, நாள்தோறும் இரவில் பெற்றோருடன் கையால் உரையாடுகிறான். சிறப்பாசிரியர் பயிற்சிக்குச் சென்றவள் அவன் தங்கை. அவளை யாரும் ஏவவில்லை, விரும்பியே சென்றாள். ஒரே வீட்டில் இரு பிள்ளைகள், இரு பாதைகள், இரண்டும் நற்பாதைகளே.

இனி, சமுதாயத்தின் கடமையைப் பார்ப்போம். நம் தென்பகுதியில் இப்பணி புதிதன்று. பாளையங்கோட்டையில் ஃபிளாரன்ஸ் சுவைன்சன் அம்மையார் காது கேளாதோர்க்கென 19ஆம் நூற்றாண்டின் இறுதி ஆண்டுகளில் தொடங்கிய பள்ளி இன்றும் அவர் பெயரால் விளங்குகிறது. 2015இல் டெல்லியில் இந்தியச் சைகை மொழி ஆராய்ச்சி, பயிற்சி மையம் நிறுவப்பட்டது. அம்மையம் 2018இல் 3,000 சொற்களுடன் வெளியிட்ட அகராதி, 2021இல் 10,000 சொற்களாக விரிந்தது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் சைகை மொழியையும் தகவல் தொடர்பு முறைகளுள் ஒன்றாக ஏற்கிறது. 2023 செப்டம்பரில் சாரா சன்னி என்னும் காது கேளாத வழக்கறிஞர், சைகை மொழிபெயர்ப்பாளர் துணையுடன் உச்ச நீதிமன்றத்தில் வாதிட்டார். செப்டம்பர் 23ஆம் நாள் உலகச் சைகை மொழிகள் நாளாக 2018 முதல் கொண்டாடப்படுகிறது.

சட்டம் ஊருக்குள் வந்து சேரக் காலமாகும். மருத்துவமனை, வங்கி, காவல் நிலையம், பள்ளி ஆகிய இடங்களில் சைகை அறிந்த ஒருவர் இருந்துவிட்டால், ஒன்பதாம் வகுப்பு மாணவன் தன் தாயின் நோயைச் சுமக்க வேண்டியதில்லை. உங்களுள் நாளை மருத்துவராக, வங்கி ஊழியராக, ஆசிரியராக வரவிருப்போர் பலர். அந்த நாற்காலியில் அமரும்போது, எதிரே நிற்கும் சிறுவனைப் பார்த்து 'நீயே உன் அம்மாவிடம் சொல்லிவிடு' என்று கூறாதீர்கள். தாயின் முகத்தை நோக்குங்கள். எழுதத் தெரிந்தவராயின் எழுதிக் காட்டுங்கள். அல்லாவிடில் தக்க மொழிபெயர்ப்பாளரை வரவழையுங்கள்.

இத்தகைய வீட்டுப் பிள்ளைகள் யாரேனும் இதைக் கேட்டுக்கொண்டிருந்தால், அவர்களுக்கும் ஒரு சொல். உங்கள் தாய் தந்தையரின் மொழியைப் பொது இடத்தில் பேச நாணாதீர்கள். அது முழுமையான மொழி. அவர்களுக்கு உதவுவது உங்கள் அன்பு. ஆனால் அதுவே உங்கள் விதி அன்று. அம்மொழியையே தொழிலாகக் கொண்டாலும் நன்று. வேறு தொழிலை நாடினாலும் நன்று. அச்சமோ குற்றவுணர்வோ உங்களுக்காகப் பாதையைத் தேர்ந்தெடுக்க விடாதீர்கள்.

விருதுநகரில் 1889இல் தொடங்கிய சத்திரிய வித்யாசாலைப் பள்ளியின் வரலாற்றை நீங்கள் கேட்டிருப்பீர்கள். பெருந்தலைவர் காமராசர் பயின்ற பள்ளி அது. வீடுதோறும் ஒரு பிடி அரிசியை எடுத்துவைத்து, அந்தப் பிடியரிசியைக் கொண்டு ஊர்ப் பிள்ளைகளுக்குக் கல்வி அளித்தனர் நம் முன்னோர். ஒரு பிடி அரிசி யாருக்கும் பாரமன்று. எல்லோரும் இட்டபோது அது பள்ளிக்கூடமாயிற்று. சைகை மொழியிலும் அவ்வாறே செய்யலாம். வணக்கம், நலமா, என்ன வேண்டும், வலிக்கிறதா, பொறுங்கள், நன்றி ஆகிய ஆறு சொற்களையேனும் ஒவ்வொருவரும் கையால் சொல்லக் கற்றுக்கொள்வோம். கடைக்காரர் ஒருவர், நடத்துநர் ஒருவர், செவிலியர் ஒருவர், வகுப்புத் தோழன் ஒருவன் என ஊரே அச்சிறு சுமையைப் பகிர்ந்துகொண்டால், ஒரு சிறுவன் தனியே சுமப்பது பெரிதும் குறையும். அவன் தன் புத்தகத்தை எடுத்துக்கொண்டு தன் வழியே நடக்கலாம்.